வளர்ச்சியியல் படிக்கக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு



சசெக்ஸ், சோயாஸ், மான்செஸ்டர், எல்.எஸ்.இ., ஹேக் என்று ஏதோ ஓர் இடத்தில் பன்னாட்டு வளர்ச்சியியலில் முதுகலை படிக்க இடம் கிடைத்து, முன்பணம் கட்டலாமா வேண்டாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் போகிறவர்கள் இருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் போகிறவர்கள் இருக்கிறீர்கள். இதே படிப்பை உங்களுக்கு முன்னால் படித்துவிட்டு வந்து, அன்றுமுதல் இந்தத் துறையிலேயே வேலை பார்த்து வருகிறவள் என்ற உரிமையில் சில விஷயங்களை ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்த வேலையை மனத்தில் வைத்து விண்ணப்பம் போட்டீர்களோ, அந்த வேலை உலகம் சுருங்கிவிட்டது. 1961-ல் கென்னடி காலத்தில் தொடங்கிய அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட், 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு வெளிநாட்டு உதவி வழங்குவதை நிறுத்திக்கொண்டது. அதன் திட்டங்களில் 83 விழுக்காடு ரத்தாகிவிட்டதாக அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் மார்ச் மாதமே அறிவித்திருந்தார். பிரிட்டன் 1997-ல் இதற்கென்றே தனி அமைச்சகம் வைத்தது. 2020-ல் அதைக் கலைத்து வெளியுறவு அமைச்சகத்தோடு சேர்த்தது. தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை வெளிநாட்டு உதவிக்குத் தருவோம் என்று 2015-ல் சட்டமே போட்டவர்கள், 2021-ல் அதை 0.5 ஆக்கினார்கள். 2027-க்குள் 0.3 ஆக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டார்கள். படித்து முடித்ததும் ஜெனீவாவில் ஒரு பயிற்சி வேலை, அங்கிருந்து ஏதாவது ஒரு நாட்டு அலுவலகம், பிறகு ஆலோசகர் என்று நாங்கள் ஏறிய படிக்கட்டில் பல படிகள் இப்போது இல்லை. பத்துப் பதினைந்து வருட அனுபவம் உள்ளவர்கள், நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் அதே ஆரம்ப நிலை வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். கல்வி முகவர்களின் வண்ணக் கையேடுகளில் இதைப் பார்க்க முடியாது. மருந்தும் ரேஷனும் நின்றுபோன ஊர்களின் நிலைமையோடு ஒப்பிட்டால் நம் வேலைக் கவலை சிறியதுதான். ஆனாலும் கடன் வாங்கிப் படிக்கப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் போங்கள் என்றுதான் சொல்வேன். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஊரை மனத்தில் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே படிக்கும் ஒவ்வொரு கோட்பாட்டையும் அந்த ஊர்த் தெருவில் நிறுத்திப் பாருங்கள். ஏழைக்கு என்ன தேவை என்பதை யார், எந்த அலுவலகத்தில், எந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்பதை இந்தப் படிப்பைப்போல வேறெதுவும் கற்றுத் தராது. அந்த முடிவுகள் வந்து இறங்கும் இடத்தில்தான் நாம் பிறந்து வளர்ந்திருக்கிறோம். அதனால் வகுப்பில் வேறு யாரும் கேட்க முடியாத கேள்விகளை உங்களால் கேட்க முடியும்.

மகளிர் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களில் பாதிப் பேருக்காவது அம்மாவோ பெரியம்மாவோ அத்தையோ ஏதாவது ஒரு குழுவில் இருப்பார்கள். அரசின் குழுத் திட்டம் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. ரோமில் தலைமையகம் கொண்ட பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு நம் அரசு அதை நடத்தியது. பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. பெண்கள் கூடி உட்காரவும் தவணை கட்டவும் பழகியிருந்த அதே திண்ணைகளுக்குத் தனியார் நுண்கடன் நிறுவனங்களும் வந்து சேர்ந்தன. நுண்கடன் பற்றி அங்கே ஒரு வாரம் பாடம் நடக்கும். ஒரு பக்கம் யூனுஸ், கிராமீன் வங்கி, 2006-ஆம் ஆண்டு நோபல் பரிசு என்று பேசுவார்கள். மறுபக்கம் 2010-ல் ஆந்திராவில் வெடித்த நெருக்கடியைப் பேசுவார்கள். விவாதம் சூடாகப் போகும். நீங்கள் பார்த்தது இந்த இரண்டு பக்கத்திலும் அடங்காது. ஒரு குழுவில் வாங்கி இன்னொரு குழுவுக்குக் கட்டிய அம்மாவைப் பார்த்திருப்பீர்கள். தவணை நாளில் பணம் கட்டும்வரை எழுந்திருக்காமல் வாசலில் உட்கார்ந்திருந்த வசூல்காரரைப் பார்த்திருப்பீர்கள். அதே அம்மா, குழுவின் பெயரைச் சொல்லிக்கொண்டு முதல் முறையாகத் தனியாக வங்கிப் படி ஏறியதையும் பார்த்திருப்பீர்கள். இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்ல வகுப்பில் ஓர் ஆள் வேண்டும். கடலூர், விழுப்புரம் பகுதிக் கிராமங்களில் பல ஆண்டுகள் வேலை செய்து இசபெல் கெரான், சந்தோஷ்குமார், வெங்கடசுப்பிரமணியன் மூவரும் 2023-ல் வெளியிட்ட 'தி இன்டெட்டட் உமன்' என்ற புத்தகத்தைக் கிளம்புவதற்கு முன்பே படித்துவிடுங்கள். கடன் ஒரு பெண்ணின் உடம்பையும் உறவுகளையும் எப்படிப் பற்றிக்கொள்கிறது என்று அதில் இருக்கிறது.

இன்னொரு பாடம் உங்களுக்கு அநேகமாக நடத்தப்படும். அதன் முதல் பாதி நம் ஊரில் நடந்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1980-ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை போடுகிறவர் அந்த ஊரையே சேர்ந்த பெண். கொக்கித் தராசில் தொங்கும் துணிப்பையில் குழந்தையின் இரண்டு கால்களையும் விட்டு உட்காரவைப்பார். குழந்தை வீறிட்டு அழும். முள் நிற்கும்வரை அம்மா கைதட்டி வேடிக்கை காட்டிக்கொண்டிருப்பார். எடையை அட்டையில் ஒரு புள்ளியாக வைத்துப் போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்பார்கள். கோடு ஏறவில்லை என்றால் அந்தக் குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை, ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். கூடவே, குழந்தைக்கு என்ன கொடுக்க வேண்டும், எத்தனை முறை கொடுக்க வேண்டும் என்று அம்மாவுக்கு விளக்கிச் சொல்வார்கள். ஊருக்கே சோறு போடாமல், வாடுகிற குழந்தையைக் கண்டுபிடித்து அதற்கு மட்டும் கொடுப்பதால் செலவு குறைவு. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு திட்டப் பகுதிகளில் குறைந்தது. உலக வங்கி இதைத் தன் வெற்றிக் கதையாக நாடு நாடாகச் சொன்னது.

1995-ல் இதே மாதிரியை வங்கதேசத்துக்குக் கொண்டுபோனார்கள். அதே எடை, அதே அட்டை, அதே அறிவுரை. பின்னால் மதிப்பீடு செய்து பார்த்தபோது, செலவுக்கு ஏற்ற பலனைக் காண முடியவில்லை. காரணம் தேடியவர்கள் சமையலறைக்குள் போக வேண்டியிருந்தது. அங்கே பல கிராமப்புற வீடுகளில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குகிறவர்கள் ஆண்கள். வீட்டில் யாருக்கு என்ன, எவ்வளவு என்று பங்கு வைப்பவர் மாமியார். திட்டமோ, அறிவுரை முழுவதையும் மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்கு எல்லாம் புரிந்தது. எதையும் செய்யும் அதிகாரம்தான் அவள் கையில் இல்லை. ஊட்டச்சத்து மையத்தில்தான் சாப்பாடு கிடைக்கிறதே என்று வீட்டில் குழந்தையின் பங்கைக் குறைத்ததும் நடந்தது. நான்சி கார்ட்ரைட் என்ற தத்துவப் பேராசிரியரும் ஜெரமி ஹார்டியும் 2012-ல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கதையை எடுத்துக்கொண்டு, ஓர் இடத்தில் பலித்தது இன்னோர் இடத்தில் பலிக்க வேண்டுமானால் கூட என்னென்ன இருந்தாக வேண்டும் என்று கேட்டார்கள்.

பானர்ஜி, டுஃப்ளோ, கிரெமர் மூவருக்கும் 2019-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்ததிலிருந்து, குலுக்கல் முறையில் ஊர்களைப் பிரித்துச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளுக்குத்தான் வகுப்பறையில் பெரிய மரியாதை. அந்த முறையை நான் குறை சொல்ல மாட்டேன்; பல வீண் செலவுகளை அது வெளிச்சம்போட்டுக் காட்டியிருக்கிறது. ஆனால் எது பலிக்கும் என்று கேட்பவர்கள் அந்த வீட்டில் கரண்டி யார் கையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். அதற்கு அந்த ஊர் மொழியில் பேசி, அந்தச் சமையலறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். புள்ளியியல் பாடத்தை விட்டுவிடாதீர்கள். ரிக்ரஷன் தெரியாமல் இந்தத் துறையில் யாரோடும் வாதம் செய்ய முடியாது. அதைக் கற்றுக்கொண்ட பிறகு, சமையலறையை மறந்துவிடாதீர்கள்.

லெசோத்தோ பற்றியும் படிப்பீர்கள். ஜேம்ஸ் ஃபெர்குசன் 1990-ல் எழுதிய புத்தகம், அதில் பேசப்படும் 1975-ஆம் ஆண்டு உலக வங்கி அறிக்கை. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆள் அனுப்பிய ஒரு நாட்டை, வெளியுலகச் சந்தையே படாத விவசாய நாடு என்று அந்த அறிக்கை வர்ணித்தது. அப்படி வர்ணித்தால்தான் மாட்டுப் பண்ணைத் திட்டமும் சாலைத் திட்டமும் போட முடியும். இதைப் படிக்கும்போது உங்கள் மாவட்டத்தைப் பற்றி வந்த ஏதாவது ஒரு திட்ட அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நான் சொல்வது உடனே விளங்கும்.

இந்தத் துறை ஏதோ வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்து நமக்குக் கற்றுக்கொடுப்பது என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தம் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து ஊர்களின் கணக்கை எடுத்துவரச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி என்று அந்த ஊர்கள் 1918-ல் புத்தகமாயின. 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். 1960-களில் போனார்கள், 1980-களில் எஸ். குகன் போன்றவர்கள் போனார்கள், அதற்குப் பிறகும் போனார்கள். ஒரே தெருவை நூறு வருடமாக விட்டுவிட்டுப் பார்த்து, நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, பண்ணையாள் முறை எப்போது உடைந்தது, கூலிக்கு வெளியூர் போகத் தொடங்கியது யார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மூன்று வருடத் திட்டத்தின் இறுதி அறிக்கையில் இது எதுவும் தெரியாது. என்னைக் கேட்டால், முதல் பருவம் முழுவதும் வளர்ச்சிக் கோட்பாடுகளைப் படிப்பதற்குச் சமம், இந்த மறு ஆய்வுகளை வரிசையாகப் படிப்பது.

அதேபோல வட ஆர்க்காடு. பசுமைப் புரட்சி நெல் விவசாயிகளுக்கு என்ன செய்தது என்று பார்க்க 1970-களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கே கிராமம் கிராமமாக உட்கார்ந்தார்கள். இலங்கையின் நெல் பகுதிகளையும் சேர்த்துப் பார்த்து 1977-ல் பி.எச். ஃபார்மர் அதைத் தொகுத்தார். அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் ராபர்ட் சேம்பர்ஸ். 1983-ல் அவர் எழுதிய புத்தகம் உங்கள் வாசிப்புப் பட்டியலில் கட்டாயம் இருக்கும். ஊருக்கு வரும் வல்லுநர் தார்ச்சாலை போகும் தூரம்தான் போவார், கோடையில்தான் வருவார், ஊர்ப் பெரியவரிடம்தான் பேசுவார், ஏற்கெனவே திட்டம் நடக்கும் இடத்தைத்தான் பார்ப்பார், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார் என்று அதில் விவரித்திருக்கிறார். மழைக்காலத்தில்தான் ஏழை வீட்டில் அரிசியும் இருக்காது, உடம்பும் சரியில்லாமல் போகும், கடனும் ஏறும்; அந்த மாதங்களில் வண்டி சேற்றில் மாட்டும் என்று யாரும் வருவதில்லை. ஐப்பசி கார்த்திகையில் எந்த அதிகாரி நம் ஊர்க் காலனிவரை நடந்து வந்திருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். ஆரணியையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் அன்றிலிருந்து பல பத்தாண்டுகள் விடாமல் திரும்பத் திரும்பப் பார்த்து எழுதியவர் பார்பரா ஹாரிஸ்-வைட். அவருடைய எழுத்தைத் தேடிப் படியுங்கள்.

இனி உங்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். செமினாரில் வறுமை என்ற சொல் வந்ததும் எல்லோரும் உங்கள் பக்கம் திரும்புவார்கள். "உங்கள் நாட்டில் எப்படி?" என்று ஆசிரியர் கேட்பார். அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் இந்தியாவின் ஏழைகள் அனைவருக்கும் பிரதிநிதி ஆகிவிடுவீர்கள். அது மயக்கும் இடம். எளிதாக ஏறி உட்கார்ந்துவிடலாம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நாம் எந்தத் தெருவில் வளர்ந்தோம், நம் வீட்டுக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்க முடிந்தது, யாருடைய தட்டு தனியாக வைக்கப்பட்டது என்பதை மறைத்துவிட்டுப் பேசுவது ஏமாற்று வேலை. உங்களில் சிலர் அந்தத் தனித் தட்டில் சாப்பிட்ட வீட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். அவர்களையும் கட்டாயப்படுத்திச் சாட்சி சொல்லவைக்க எந்த வகுப்பறைக்கும் உரிமை கிடையாது. பேசலாம், பேசாமலும் இருக்கலாம், முடிவு உங்களுடையது.

சாதியைப் பற்றி வகுப்பில் பேச்சே எழாமல் போகலாம். ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் ஏற்றுக்கொண்ட நிலைத்த வளர்ச்சி இலக்குகளை எடுத்துப் பாருங்கள். 17 இலக்குகள், 169 குறியிலக்குகள். வயது, பாலினம், மாற்றுத்திறன், இனம், மதம் என்று பட்டியல் போகிறது. சாதி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. சோயாஸில் இருந்து எழுதிய டேவிட் மோஸ், இந்த விடுபடலைக் கேள்வி கேட்டு எழுதியிருக்கிறார். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களையும் கிராமங்களையும் நன்றாகத் தெரிந்தவர் அவர். அங்கன்வாடி எந்தத் தெருவில் இருக்கிறது, அங்கே சமைப்பவர் யார் என்பதைப் பொறுத்து எந்தக் குழந்தை சாப்பிடுகிறது என்பது மாறும் ஊர் நம்முடையது. உலக இலக்குகளில் அதைக் குறிக்க ஒரு சொல் இல்லை என்றால், அந்த இலக்குகளை அளக்கும் எண்களிலும் அந்தக் குழந்தை தெரியாது. இதைச் சொல்லாமல் நீங்கள் திரும்பி வரக் கூடாது.

ஈழத்திலிருந்து போகிறவர்களுக்கு உதவி அமைப்புகளைப் பற்றி நான் சொல்லி ஆகவேண்டியது அதிகம் இல்லை. வெள்ளை ஜீப்புகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நீங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நான் நாகைக் கரையில் வேலை பார்த்தேன். படம் எடுக்க வசதியாக இருக்கும் பொருள் என்பதாலோ என்னவோ, ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. மீன் விற்கும் விதவைகளும், கரையில் கூலி வேலை பார்த்தவர்களும், கடல்மேல் எந்த உரிமையும் இல்லாத இருளர், தலித் குடும்பங்களும் பட்டியலில் கடைசியில்தான் வந்தார்கள். இலங்கையில் தொண்டு அமைப்புகள் ஒன்றோடொன்று போட்டி போட்டதை ஜாக் ஸ்டிராட் 2006-ல் ஒரு கட்டுரையில் எழுதினார். அரசும் புலிகளும் சேர்ந்து உதவியைப் பகிர்வதற்காக 2005 ஜூனில் போட்ட உடன்பாட்டின் முக்கியப் பகுதிகளை அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பணம் இருந்தும் அது போய்ச் சேர வேண்டிய வழியை அரசியல் எப்படி அடைத்தது என்பதை நீங்கள் எழுதினால்தான் உண்டு; வேறு யாரும் உங்கள் இடத்திலிருந்து எழுத முடியாது.

பணத்துக்கு வருகிறேன். கட்டணமும் தங்கும் செலவும் சேர்த்து பிரிட்டனில் ஒரு வருடத்துக்கு முப்பது, நாற்பது லட்சம் ரூபாய் ஆகிறது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து இந்தப் படிப்புக்குப் போகாதீர்கள். இதை ஓர் அக்காவாகக் கெஞ்சியே கேட்கிறேன். படித்தபின் அங்கே தங்கி வேலை தேடும் விசாவையும் 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். கணவனையோ மனைவியையோ உடன் அழைத்துப்போகும் வசதியும் இப்படிப்பட்ட முதுகலை மாணவர்களுக்கு 2024 ஜனவரியோடு போய்விட்டது. செவனிங், காமன்வெல்த், எராஸ்மஸ் முண்டஸ் ஆகிய மூன்று உதவித்தொகைகளுக்கும் விண்ணப்பியுங்கள். இந்த ஆண்டு கிடைக்கவில்லை என்றால் ஒரு வருடம் களத்தில் வேலை பார்த்துவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள். செவனிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் எப்படியும் வேண்டும், படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இருக்கவும் வேண்டும். வேலை பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் இந்தப் படிப்பிலிருந்து அதிகம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்குப் பணம் கிடையாது என்று 2022-ல் விதி கொண்டுவந்தார்கள். சாதியால் ஒதுக்கப்பட்ட ஒரு மாணவி, சாதியைப் பற்றி வெளிநாட்டில் ஆராய அரசுப் பணத்தை எதிர்பார்க்க முடியாது. இது அநியாயம். இதை எதிர்த்துக் குரல் கொடுப்பவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை தருகிறது. விவரம் தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். நேரில் போய் விசாரியுங்கள்.

போக முடியாதவர்கள் மனம் உடைந்துவிட வேண்டாம். மால்கம் ஆதிசேஷையா யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பி, மனைவி எலிசபெத்தோடு சேர்ந்து 1971-ல் அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கினார். வெளியிலிருந்து ஒருவர் அங்கே போய்க் கேட்டால் பல விஷயங்கள் கற்கக் கிடைக்கும். கே.என். ராஜ் திருவனந்தபுரத்தில் கட்டியெழுப்பிய வளர்ச்சி ஆய்வு மையம், 1975-ல் ஐ.நா.வுக்காகக் கேரளத்தைப் பற்றி ஓர் ஆய்வு செய்தது. வருமானம் குறைவாக இருந்தும் ஆயுளும் படிப்பும் உயர முடியும் என்று உலகம் பேசத் தொடங்கியதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. திண்டுக்கல் பக்கத்தில் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் வளர்த்த காந்திகிராமம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி., மும்பை டிஸ், பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. இவற்றை இரண்டாந்தரம் என்று நினைப்பது நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய வியாதி.

ஆய்வேட்டுக்கு எந்தத் தலைப்பை எடுப்பது என்று பலரும் எழுதிக் கேட்கிறீர்கள். உங்களுக்கு மொழி தெரிந்த ஊரை எடுங்கள். மூன்று மாதத்தில் ருவாண்டாவைப் பற்றி எழுதிவிடலாம் என்ற ஆசை வரும். அந்த ஆசைதான் இந்தத் துறையின் பழைய நோய்.

ஒருமுறை வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களைப் பேட்டி எடுக்க வந்த ஒரு மாணவியோடு துணைக்குப் போயிருந்தேன். பேட்டிக்குச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கப் பல்கலைக்கழகம் கொடுத்த படிவத்தை அழகான தமிழில் மொழிபெயர்த்துக் கொண்டுவந்திருந்தாள். முதலில் உட்கார்ந்த அம்மா உப்பு பூத்த விரல்களால் தாளை ஓரமாகப் பிடித்துக்கொண்டு, "இதுல கையெழுத்துப் போட்டா என்ன கடன் தருவீங்க? போன தடவை போட்டதுக்கே இன்னும் கட்டிக்கிட்டிருக்கேன்" என்றார். பின்னால் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள். அந்த மாணவி தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வெயிலிலேயே உட்கார்ந்து, தான் யார், எதற்குக் கேட்கிறேன், இதனால் அவர்களுக்குப் பணமோ வீடோ எதுவும் வராது என்று பொறுமையாகச் சொன்னாள். அன்று பேட்டி எதுவும் எடுக்கவில்லை. வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்துகொள்ள அனுமதி கேட்டுத் தன் துறைக்கு எழுதினாள், கிடைத்தது. நம் ஊரில் கையெழுத்துக் கேட்பவர்கள் பெரும்பாலும் எதையாவது எடுத்துக்கொண்டு போகிறவர்கள். பல்கலைக்கழக நெறிக்குழுவுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையது. தயங்காமல் எழுதிக் கேளுங்கள், கேட்டால் மாற்றிக்கொள்கிறார்கள்.

ஆய்வேடு முடிந்ததும் நாலு பக்கம் தமிழில் எழுதி, பேசியவர்களுக்கே போய்ப் படித்துக் காட்டுங்கள். தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே திருத்துவார்கள். மதிப்பெண் வந்த பிறகு இதற்கு யாருக்கும் நேரம் இருப்பதில்லை என்பதால், பயணச் செலவுக் கணக்குப் போடும்போதே இதற்கும் ஒரு தொகையை ஒதுக்கிவைத்துவிடுங்கள்.

வகுப்பு செப்டம்பரில்தான் தொடங்கும். அதற்கு முன் ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டம் வருகிறது. உங்கள் ஊரிலோ தாத்தா ஊரிலோ போய்க் கடைசிவரை உட்காருங்கள். யார் நாற்காலியில் இருக்கிறார்கள், யார் தரையில், யார் பந்தலுக்கு வெளியே நின்றே கேட்கிறார்கள், பேசியதில் எது தீர்மானப் புத்தகத்தில் ஏறியது, எது ஏறவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருப்பவர்கள் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கும் மாதர் சங்கக் கூட்டத்துக்கும் போங்கள். அந்தக் குறிப்புகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறுங்கள். டிசம்பர் விடுமுறையில் முதல் கட்டுரை எழுத உட்காரும்போது, நூலகப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அவையும் இருக்கட்டும். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள். வாசித்துப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் படித்த அக்கா ஒருத்தி